ஆய்வுப் பேச்சுக்குத் தயாராவது எப்படி? இராமநாதபுரம் கடற்கரை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 நெருங்கினால் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை ஒரே பரபரப்புதான். துறைக் கருத்தரங்கு, குழந்தைகள் அறிவியல் மாநாடு, முதுகலைத் திட்டப்பணிக்கான வாய்மொழித் தேர்வு என்று ஆளாளுக்கு ஒரு மேடை காத்திருக்கும். அந்த மேடைகளில் ஏறப்போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைப் பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

விளக்க வசதிக்காக ஒரு கற்பனை ஆய்வைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போகிறேன். மண்டபத்தில் ஒரு மாணவி இருக்கிறாள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்ப்பேச்சில் வடகடல், தென்கடல். இரண்டிலும் அவள் செக்கி தட்டு இறக்கி நீரின் தெளிவை அளந்திருக்கிறாள். வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறிப்பதுதான் முறை. 1865-ல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி கப்பலில் இருந்து இறக்கிப் பார்த்த தட்டு இன்றும் அப்படியே புழக்கத்தில் இருக்கிறது. மாணவியும் அவள் முடிவுகளும்தான் கற்பனை.

ஆறு மாதம் கடலோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். பத்து நிமிடம்தான் தருகிறார்கள். எல்லாவற்றையும் எப்படிச் சொல்லி முடிப்பது?

முடியாது, முடிக்கவும் வேண்டாம். எல்லாவற்றையும் சொல்லத்தான் ஆய்வேடு இருக்கிறது. பேச்சில் ஒரு கேள்வி, நீங்கள் கண்ட ஒரு பதில், அந்தப் பதிலை நம்புவதற்கு ஆதாரம், இவ்வளவுதான் கொள்ளும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் தொடங்கிய 'மூன்று நிமிட ஆய்வேடு' போட்டியில் முனைவர் பட்ட ஆய்வையே மூன்று நிமிடத்தில், அசையாத ஒரே ஒரு ஸ்லைடை வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். உங்களுக்குப் பத்து நிமிடம் என்பது தாராளம்.

அரங்கை விட்டு டீக்கடைக்குப் போகிறவரை நிறுத்தி, "அந்தப் பிள்ளை என்ன சொன்னுச்சு?" என்று கேட்டால் ஒரே வாக்கியத்தில் பதில் வர வேண்டும். அந்த வாக்கியத்தை நீங்கள் முடிவு செய்துகொண்டு போகாவிட்டால் அவராக ஒன்றை முடிவு செய்துகொள்வார். பெரும்பாலும் அது "ஏதோ தண்ணியப் பத்திப் பேசுச்சு" என்றுதான் இருக்கும்.

அந்த ஒரு வாக்கியத்தை எப்படிப் பிடிப்பது?

தலைப்பை வாக்கியம் என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தடங்கல். 'மண்டபம் கடற்கரை நீரின் தெளிவு குறித்த ஓர் ஆய்வு' என்பதில் வினைமுற்றே இல்லை. என்ன ஆனது, எது கூடியது, எது குறைந்தது, எது மாறவில்லை என்று எதையும் அது சொல்லவில்லை.

நம் மாணவி முதலில் எழுதியது இப்படி: 'வாடைக் காலத்தில் வடகடல் கலங்குகிறது, கச்சான் காலத்தில் தென்கடல் கலங்குகிறது.' நல்ல வாக்கியம், உண்மையும்கூட. வடகிழக்குப் பருவத்தில் காற்று பாக் விரிகுடாப் பக்கம் மோதும், தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம். ஆனால் அவளை வத்தையில் (சிறு நாட்டுப்படகில்) ஏற்றிக்கொண்டு போனவருக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். அவருக்குத் தெரியாத எதை அந்தத் தட்டு சொன்னது? இந்தக் கேள்வியோடு குறிப்பேட்டைத் திரும்பப் புரட்டினால் வேறொன்று கிடைக்கிறது: 'காற்று ஓய்ந்த பிறகும் வடகடல் தெளியப் பல நாள் பிடிக்கிறது, தெளிவதற்குள் அடுத்த காற்று வந்துவிடுகிறது.' இப்போது கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். கடற்புல்லுக்கு அடிவரை வெளிச்சம் போனால்தான் பிழைப்பு, கடற்புல் இருந்தால்தான் அதை மேயும் ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, பிழைப்பு. கண்ணாடி போட்டு முங்கிப் பாசி எடுக்கும் சின்னப்பாலத்துப் பெண்களுக்கும் நீர் எப்போது தெளியும் என்பது வருமானக் கணக்கு.

ஆக, வாக்கியம் கிடைக்க இரண்டு கேள்வி போதும். இதில் ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்தது எவ்வளவு? தெரியாத மிச்சம் யாருக்கு முக்கியம்? ஸ்லைடு செய்யும் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

ஆய்வேட்டில் இருக்கிற வரிசையிலேயே அறிமுகம், முன்னாய்வுகள், முறை, முடிவுகள், விவாதம் என்று போகலாமா?

போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அது படிக்கிறவருக்காக ஏற்பட்ட வரிசை. படிக்கிறவர் பக்கத்தைப் புரட்டி முன்னும் பின்னும் போவார். கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. முன்னாய்வுகள் என்று பன்னிரண்டு பேரின் பெயரையும் ஆண்டையும் அடுக்கினால் மூன்றாவது பெயரிலேயே செல்போன் வெளியே வந்துவிடும்.

1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சி. வி. ராமன் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து யோசித்த கதையை ஒவ்வோர் அறிவியல் நாளிலும் கேட்டிருப்பீர்கள். கதையை விட்டுவிட்டு அதன் எலும்புக்கூட்டை மட்டும் பாருங்கள். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்பது கேள்வி. வானத்தின் நீலம்தான் கடலில் பட்டுத் திரும்புகிறது என்பது இயற்பியலாளர் ராலே சொல்லிவைத்த பழைய பதில். ராமன் செய்த சோதனை எளிது: ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் நிக்கோல் பட்டகத்தைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, நீரின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை வடிகட்டினார். நீலம் போகவில்லை. ஆகவே நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். கேள்வி, பழைய பதில், அதில் சந்தேகம், சோதனை, கண்டது, அதனால் என்ன. ஒன்றிலிருந்து அடுத்தது தானாகப் பிறக்கிறது. இடையில் ஒன்றை உருவினால் மற்றது நிற்காது. உங்கள் பேச்சும் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பகுதியை எடுத்துவிட்டும் பேச்சு அப்படியே நிற்கிறது என்றால், அந்தப் பகுதி வேண்டாம் என்று அர்த்தம்.

பத்து நிமிடத்தைப் பிரிக்கச் சொன்னால் நான் இப்படிப் பிரிப்பேன். கேள்வியும் அது யாருக்கு ஏன் வேண்டும் என்பதும் இரண்டு நிமிடம். ஏற்கெனவே தெரிந்தது ஒரு நிமிடம், அதில் உங்கள் கேள்வியை நேரடியாகத் தொடும் ஓரிரு ஆய்வுகள் மட்டும். எப்படி அளந்தோம் என்பதற்கு ஒன்றரை நிமிடம். முடிவுக்கு நான்கு நிமிடம். மிச்சம் இருப்பதில், இந்த முடிவு எதுவரை செல்லும், எங்கே செல்லாது. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகப் பிரிக்கிறார்கள். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கிலோமீட்டர், 21 தீவுகள், 1986-ல் தேசியப் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் என்று ஐந்து நிமிடம் ஓடிவிடும். எல்லாம் சரியான தகவல்தான். நீர்த்தெளிவு பற்றிய பேச்சில் அதில் ஒன்றுகூடத் தேவையில்லை.

எப்படி ஆரம்பிப்பது? கலாம் சொன்ன ஒரு பொன்மொழியோடு தொடங்கினால் நன்றாக இருக்குமே?

அவர் இராமேசுவரத்துக்காரர் என்ற உரிமையில் நம் மாவட்டத்தில் பாதிப் பேச்சுகள் அவரிடமிருந்துதான் தொடங்குகின்றன. நடுவர்கள் காலையிலிருந்து 'கனவு காணுங்கள்' கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்மேல் மரியாதை இருந்தால் அவரைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கள்.

வணக்கம், பெயர், கல்லூரி. உடனே விஷயம். "மண்டபத்தில் ரோட்டுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். ஒரே நாளில் ஒன்று தெளிந்து கிடக்கும், இன்னொன்று கலங்கிக் கிடக்கும். கலங்கிய கடல் தெளிய எத்தனை நாள் ஆகும் என்று பார்த்தோம்." நான்கைந்து வாக்கியத்தில் அரங்கு உள்ளே வந்துவிடும். 'இந்த அரிய வாய்ப்பை நல்கிய' என்று தொடங்கும் நன்றிப் பட்டியலை முன்னால் வைக்காதீர்கள். முதல் நிமிடத்தில் இருக்கும் கவனம் திரும்பக் கிடைக்காது.

ஆய்வு முறையை எவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்?

கேட்கிறவர் உங்கள் எண்ணை நம்புவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. கருவியின் மாடல் எண், கயிறு வாங்கிய கடை எல்லாம் வேண்டாம். ஆனால் எண் எங்கே பிசகக்கூடும் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

செக்கி தட்டையே எடுத்துக்கொள்வோம். படகின் நிழல் விழும் பக்கமாக இறக்கினோம், வெயில் உச்சியை ஒட்டிய நேரத்தில் மட்டும் அளந்தோம், மறையும் ஆழத்தையும் தூக்கும்போது திரும்பத் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுத்தோம், எல்லா நாளும் ஒரே ஆள்தான் பார்த்தோம் என்று நான்கு விஷயம் சொன்னால் போதும், தெரிந்தவர்கள் தலையாட்டுவார்கள். ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நம் கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. தெளிந்த நாளில் தட்டு மறைவதற்குள் தரை தட்டிவிடும். இரண்டு மீட்டரில் அடிமண்ணில் உட்கார்ந்திருக்கும் தட்டு மேலிருந்து பளிச்சென்று தெரியும். அன்றைக்குக் குறிப்பேட்டில் '2 மீட்டர்' என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. 'இரண்டு மீட்டருக்கு மேல்' என்றுதான் எழுத வேண்டும். அந்த நாட்களைச் சராசரியில் சேர்த்துவிட்டால் தெளிந்த கடல் உண்மையில் இருப்பதைவிடக் கலங்கியதாகத் தெரியும். இதை நீங்களே முன்வந்து அரை நிமிடத்தில் சொல்லிவிட்டால், கேள்வி நேரத்தில் உங்களை மடக்கக் காத்திருக்கும் பேராசிரியருக்கு வேலை குறைந்துவிடும்.

எத்தனை ஸ்லைடு? தலைப்பில் என்ன எழுதுவது?

நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எண்ணிக்கையை விடத் தலைப்புதான் முக்கியம். 'முடிவுகள்', 'முடிவுகள் (தொடர்ச்சி)' என்று தலைப்பு வைத்த ஸ்லைடு எதையும் சொல்வதில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆலி நெடுநாளாக வலியுறுத்துகிற முறை இதற்கு நல்ல மருந்து. ஸ்லைடின் தலையில் முழு வாக்கியமாக ஒரு கூற்று, கீழே அதற்கு ஆதாரமாக ஒரு படமோ கிராஃபோ, அவ்வளவுதான். 'காற்று ஓய்ந்த பின்னும் வடகடல் கலங்கலாகவே இருக்கிறது' என்று தலையில் எழுதுங்கள், கீழே கிராஃப். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே பேச்சின் சுருக்கம் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் வரிசையில் எங்கோ கோளாறு.

எழுத்தின் அளவு 24 புள்ளிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தியை ஸ்லைடில் ஒட்டிவிட்டு அதையே வாசிப்பது கேட்கிறவரை அவமதிப்பது. அவருக்கும் படிக்கத் தெரியும், உங்களை விட வேகமாகவே படித்துவிடுவார்.

மேப் போட வேண்டுமா?

கடலோர ஆய்வு என்றால் ஒன்று வேண்டும், ஒன்றே போதும். இணையத்தில் எடுத்த மங்கலான படத்தை இழுத்துப் பெரிதாக்கிப் போடாதீர்கள். நீங்களே கரைக்கோட்டை மட்டும் வரையுங்கள். இரண்டு அளவிடும் இடங்களுக்கு இரண்டு புள்ளி, வடக்கு காட்டும் அம்பு, ஒரு கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்று காட்டும் அளவுகோல். மூலையில் தமிழ்நாட்டுச் சிறுபடம் ஒன்று இருந்தால் வெளியூர்க்காரருக்கு வசதி.

ஓர் எச்சரிக்கை. படத்தை வடகிழக்கே தாராளமாக விரித்துக் கச்சத்தீவும் 1974 உடன்பாட்டு எல்லைக்கோடும் தெரியும்படி வைத்துவிட்டால், கேள்வி நேரம் முழுக்க அங்கேதான் போகும். உங்கள் தட்டைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். உங்கள் ஆய்வுக்கு எவ்வளவு கடல் தேவையோ அவ்வளவு கடலைக் காட்டினால் போதும்.

கிராஃபை எப்படிக் காட்டினால் புரியும்?

கிராஃப் திரையில் வந்தவுடன் முடிவைச் சொல்லப் பாயாதீர்கள். முதலில் அச்சுகளைச் சொல்லுங்கள். "கீழே நாட்கள். காற்று ஓய்ந்த நாள்தான் பூச்சியம். பக்கவாட்டில் தட்டு மறைந்த ஆழம். மேலே போகப் போகத் தெளிவு." பத்து வினாடிதான் ஆகும். அதற்கு அப்புறம்தான் கோடு எதைக் காட்டுகிறது என்ற பேச்சு. இந்தப் பத்து வினாடியை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவர்கள், பின்னால் "அந்தக் கோடு என்னங்க?" என்ற கேள்வியில் இரண்டு நிமிடத்தைத் தொலைக்கிறார்கள்.

பட்டைகளின் உச்சியில் நிற்கும் பிழைக்கோடுகள் எதைக் குறிக்கின்றன என்று எழுதியே ஆக வேண்டும். அது திட்ட விலக்கமா (அளவீடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன), திட்டப் பிழையா (சராசரி எவ்வளவு பிசகக்கூடும்)? ஒன்பது அளவீடுகள் இருந்தால் திட்டப் பிழை திட்ட விலக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். கோடு குட்டையாகத் தெரிகிறது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. எத்தனை அளவீடு என்பதையும் கிராஃபிலேயே எழுதிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

சிவப்பு–பச்சை ஜோடியைத் தவிர்த்துவிடுங்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் எந்த அரங்கிலும் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு; ஆண்களில் அது அதிகம். நீலமும் ஆரஞ்சும் ஏறக்குறைய எல்லாருக்கும் பிரிந்து தெரியும். முப்பரிமாணப் பட்டை, சுழன்று வரும் வட்டப்படம் எல்லாம் எதற்கு? தட்டையான கிராஃப்தான் நேர்மையானது.

வீட்டில் நன்றாகத் தெரிந்த தமிழ் எழுத்து, அரங்கக் கணினியில் குப்பையாக வருகிறதே?

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்து லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவில் வையுங்கள். கூடவே பி.டி.எஃப். ஆகவும் ஒரு படி எடுத்துப் பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் போட்டுவையுங்கள். அரங்கில் இருப்பது பழைய வி.ஜி.ஏ. இணைப்பா எச்.டி.எம்.ஐ.யா என்று முதல்நாளே விசாரித்துவிடுவது நல்லது.

தமிழில் பேசலாமா, ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமா?

நடத்துகிறவர்கள் ஆங்கிலம்தான் என்று விதி வைத்திருந்தால் வேறு வழியில்லை. விதி இல்லையென்றால், எந்த மொழியில் உங்களால் குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமோ அந்த மொழியில் பேசுங்கள். மனப்பாடம் செய்த ஆங்கிலம் பத்து நிமிடம் ஓடும், முதல் கேள்வியில் நின்றுவிடும். தமிழில் பேசி, ஸ்லைடில் அறிவியல் பெயர்களைச் சேர்த்துக் காட்டுவது எல்லாருக்கும் வசதி. மரிக்கொழுந்து பாசி என்று சொல்லிவிட்டு அதன் அறிவியல் பெயர் ஜெலிடியெல்லா அசெரோசா என்றும் காட்டுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். அறிவியல் பெயர் இருந்தால் எந்தப் பாசி என்ற குழப்பம் வராது.

எதிர்பார்த்த முடிவு வரவில்லை. வித்தியாசமே இல்லை என்று வந்திருக்கிறது. இதைப் போய் எப்படி மேடையில் சொல்வது?

வித்தியாசம் இல்லை என்பதும் முடிவுதான், நன்றாக அளந்திருந்தால். ஆனால் இரண்டை வேறுபடுத்த வேண்டும். ஒன்று, போதுமான அளவீடு எடுத்தும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொன்று, மூன்றே நாள் அளந்ததால் தெரியவில்லை. இரண்டாவது என்றால் 'வித்தியாசம் இல்லை' என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. 'இந்த அளவீடுகளைக் கொண்டு சொல்ல முடியவில்லை' என்றுதான் சொல்லலாம். ஒரே நாளில் ஒரே இடத்தில் முப்பது தடவை தட்டு இறக்கிவிட்டு முப்பது அளவீடு என்று கணக்குக் காட்டுவதும் செல்லாது. அது ஒரு நாள், ஓர் இடம். நல்ல நடுவர் இதை மோப்பம் பிடித்துவிடுவார்.

மீனவர்கள், பாசி எடுக்கும் பெண்கள் சொன்ன தகவலை எப்படிச் சேர்ப்பது? படம் காட்டலாமா?

யார் சொன்னது என்பதைத் தகவல் வரும் இடத்திலேயே சொல்லுங்கள். கடைசி நன்றி ஸ்லைடில் 'உள்ளூர் மக்கள்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிட வேண்டாம். எந்த நாளில் தண்ணீர் தெளியும் என்ற ஊகத்தையே படகுக்காரர் கொடுத்திருந்தால், உங்கள் கருதுகோளின் பாதி அவருடையது. பெயரைச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். சிலருக்குப் பெருமை. சிலர் வேண்டாம் என்பார்கள், பூங்கா எல்லைக்குள் போய்வருகிறவர்களுக்கு அதற்குக் காரணமும் இருக்கும். முகம் தெரியும் படத்துக்கும் இதே முறைதான். நனைந்த உடையில் கரையேறும் பெண்களின் படத்தை 'களப்பணி' என்று திரையில் போடுவதற்கு முன், உங்கள் வீட்டுப் பெண்களாக இருந்தால் போடுவீர்களா என்று யோசியுங்கள்.

இடங்களைக் காட்டுவதிலும் கவனம் வேண்டும். கடல் அட்டையைப் பிடிப்பதற்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 2001 முதல் தடை இருக்கிறது, கடத்தல் மட்டும் நிற்கவில்லை. அது திரளாகக் கிடக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைத் திரையில் போட்டால் ஆய்வுக்குப் பயன் கொஞ்சம், கடத்துகிறவருக்குப் பயன் அதிகம். தேசியப் பூங்காத் தீவுகளுக்குள் மாதிரி எடுத்திருந்தால் வனத்துறை அனுமதி பெற்றதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே முதல் கேள்வியாக வரும்.

வழிகாட்டி நாற்பது ஸ்லைடு போடச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

போடுங்கள். பத்தைப் பேசுங்கள், முப்பதை முடிவு ஸ்லைடுக்குப் பின்னால் வையுங்கள். கேள்வி வரும்போது அந்த முப்பதிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினால் வழிகாட்டிக்கும் மகிழ்ச்சி, உங்களுக்கும் பெயர்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பேச்சை எழுதி வாங்கலாமா?

பிழை திருத்தவும், வரும் கேள்விகளை முன்கூட்டியே யோசிக்கவும் பயன்படுத்துங்கள். எழுதச் சொன்னால் மன்னார் வளைகுடாவின் பெருமையைப் பற்றி அழகான மூன்று பத்தி வரும். அன்றைக்குத் தட்டு தரை தட்டியது அதற்கு எப்படித் தெரியும்? அது தரும் மேற்கோள்களை மூலத்தில் பார்க்காமல் ஸ்லைடில் ஏற்ற வேண்டாம்.

எப்படி ஒத்திகை பார்ப்பது? மேடையில் கை நடுங்குகிறது.

மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. எழுந்து நின்று, வாய்விட்டு, கடிகாரம் வைத்து, ஒரு ஆளை எதிரே உட்காரவைத்துப் பேச வேண்டும். எதிரே இருப்பவர் உங்கள் துறையாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. வணிகவியல் படிக்கும் தோழிக்கு எங்கே புரியவில்லையோ அங்கேதான் ஓட்டை. முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முதல் நான்கு வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மட்டும் நெட்டுருவாக இருக்கட்டும். நடுக்கம் முதல் நிமிடத்தில்தான், அதைத் தாண்டிவிட்டால் உங்கள் கடல் உங்களுக்குத் தெரியும். லேசர் விளக்கு நடுக்கத்தைப் பத்து மடங்காக்கித் திரையில் காட்டும். அதைக் கீழே வைத்துவிட்டு, காட்ட வேண்டிய இடத்தில் ஸ்லைடிலேயே அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

கேள்வி நேரத்தை நினைத்தால்தான் பயம். தெரியாததைக் கேட்டால்?

'நன்றி' என்று பெரிய எழுத்தில் பூப்படம் போட்ட ஸ்லைடைக் கடைசியில் வைக்காதீர்கள். கேள்வி நேரம் முழுக்க உங்கள் முடிவு வாக்கியமும் முக்கியமான கிராஃபும் திரையில் நிற்கட்டும். கேள்விகளும் அதைச் சுற்றியே வரும்.

கேள்வி வந்தவுடன் அதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க நான்கு வினாடி கிடைக்கும். கேள்விகளில் சில வகைகள் நிச்சயம் வரும். "ஏன் ஓராண்டு முழுக்க அளக்கவில்லை?" என்பது ஒன்று. சாக்குச் சொல்லாமல், அளந்த மாதங்களுக்குள் எது வரை சொல்ல முடியும் என்று பதில் சொல்லுங்கள். "கலங்கலுக்குக் காரணம் காற்றுதானா, இழுவைமடியாக இருக்கக் கூடாதா?" என்று இன்னொருவர் கேட்பார். இழுவைமடி என்பது விசைப்படகு கடலடியை ஒட்டி இழுத்துப்போகும் வலை. இது நல்ல கேள்வி. பாக் விரிகுடாவில் விசைப்படகு போகும் நாளும் நாட்டுப்படகு போகும் நாளும் வேறு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த நாட்களின் அளவீடுகளைப் பிரித்துப் பார்த்திருந்தால் உங்கள் கையில் பதில் இருக்கிறது. பார்க்கவில்லை என்றால், "பிரித்துப் பார்க்கவில்லை, ஆனால் தேதிகள் குறிப்பேட்டில் இருக்கின்றன, பிரித்துப் பார்க்க முடியும்" என்பதே சரியான பதில்.

தெரியாததற்குத் தெரியாது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. அதோடு நிறுத்தாமல், தெரிந்துகொள்ள எதை அளக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவே ஆற்றும் பெரியவர் எல்லா அரங்கிலும் ஒருவர் இருப்பார். அவர் மூச்சு வாங்கும் இடத்தில், "நன்றிங்க ஐயா, முடிந்ததும் உங்களிடம் வந்து பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்புங்கள்.

பேசும்போது கரண்ட் போய்விட்டால்?

ஜன்னல் பக்கமாக நகர்ந்து, குரலை உயர்த்தி, தொடருங்கள். முக்கியமான கிராஃபை ஒரு ஏ3 தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருந்தால் போதும்.

இதே பேச்சை எங்கள் ஊர் மீனவர்களுக்குச் சொல்லச் சொல்கிறார்கள். அப்படியே சொல்லலாமா?

வரிசையை மாற்றுங்கள். அங்கே முடிவுதான் முதலில். "காத்து நின்னாலும் வடகடல் தெளிய இத்தனை நாள் ஆவுதுன்னு பாத்தோம்" என்று தொடங்கினால் உடனே நான்கு பேர் மறுப்பார்கள், இரண்டு பேர் ஆமாம் என்பார்கள். அந்த வாக்குவாதம்தான் உங்கள் பேச்சு. "இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். ஆமாம் என்று ஒத்துக்கொண்டு, நாள் கணக்கை மட்டும் எடுத்துவையுங்கள். நிலா நாளுக்கும் நீவாட்டுக்கும் (கடல் நீரோட்டத்துக்கும்) தகுந்தபடி அந்தக் கணக்கு மாறும் என்று அவர்கள் திருத்தினால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வேட்டின் அடுத்த அத்தியாயம் அங்கே கிடைக்கலாம்.

புரொஜெக்டர் வேண்டாம். வலை பின்னும் கொட்டகையில் பகல் வெளிச்சத்தில் திரையில் ஒன்றும் தெரியாது. தட்டையும் கயிற்றையும் கையோடு கொண்டுபோங்கள். கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சாகக் கட்டியிருப்பதைத் தொட்டுப் பார்த்தால் உங்கள் முறையை விளக்கவே தேவையிருக்காது. கிராஃபை ஃபிளெக்ஸில் பெரிதாக அடித்துத் தூணில் கட்டிவிடுங்கள்.

நேரத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். படகு கரையேறி மீன் பிரிக்கிற நேரத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ஞாயிறு காலைப் பூசை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். விசைப்படகுக்காரர்களும் வர வேண்டும் என்றால் தடைக்காலத்தில் வையுங்கள். ஊர்த் தலைவரிடம் ஒரு வாரம் முன்னதாகவே நேரில் போய்ச் சொல்ல வேண்டும், வாட்சப்பில் அனுப்பினால் எடுபடாது. பாசி எடுக்கும் பெண்களுக்கு அதே கூட்டத்தில் பேச இடம் கிடைக்காமல் போகலாம். அவர்களுக்கென்று வேறொரு நாளில் தனியாக ஒரு கூட்டம் போட்டுவிடுங்கள்.